மிச்சச் சாயம்: எதுவரை பொருள், எப்போது கழிவு?

தீபாவளி நெருங்கினால், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துச் சிற்றூரான பெஸ்தாரி ஜெயாவில் வீட்டுக்கு வீடு சாயம் பூசும் வேலை தொடங்கிவிடும். பண்டிகை முடிந்ததும் கால்வாசி, அரைவாசி சாயம் மிஞ்சிய டின்கள் பின்கட்டுக்குப் போய்ச் சேரும். அடுத்த வருடம் வேறு நிறம், வேறு டின். தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு மாறி வந்தவர்கள் பலரும் பழைய டின்களையும் கையோடு கொண்டு வந்திருக்கிறார்கள். எறிய மனம் வராது, பூசவும் முடியாது.

இவற்றைக் குப்பையில் போடலாமா, கால்வாயில் ஊற்றலாமா, மறுசுழற்சிக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விகளுக்கு ஒரே பதில் கிடையாது. டின்னுக்குள் இருப்பது எந்தச் சாயம், அது இன்னும் பூசத் தகுந்ததா, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அதனால் அடிப்படையிலிருந்தே போகலாம்.

டின்னுக்குள் இருப்பவை

எந்தச் சாயத்திலும் நான்கு பகுதிகள் உண்டு.

1. நிறமி: நிறத்தையும் மூடும் சக்தியையும் தரும் நுண்ணிய தூள். வெள்ளைக்கும் வெளிர் நிறங்களுக்கும் அடிப்படை டைட்டானியம் டையாக்சைடு.
2. பிசின்: காய்ந்த பிறகு நிறமியைச் சுவரோடு பிடித்து வைப்பது. அக்ரிலிக், வினைல், அல்கிட் எனப் பல வகை.
3. கரைப்பான்: பூசும் பதத்துக்கு இளக்கி வைத்துப் பிறகு ஆவியாகிப் போவது. தண்ணீராகவும் இருக்கலாம், பெட்ரோலியத்திலிருந்து எடுத்த திரவமாகவும் இருக்கலாம்.
4. சேர்மானங்கள்: டின்னுக்குள் கிருமி வளராமல் தடுப்பவை, சுவரில் பூஞ்சை பிடிக்காமல் காப்பவை, நுரையை அடக்குபவை.

மறுசுழற்சியைப் பொறுத்தவரை மூன்றாவது பகுதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கரைப்பான் தண்ணீர் என்றால் அது எமல்ஷன், நீர்ச் சாயம். பிரஷ்ஷைக் குழாயடியில் கழுவ முடியும். தின்னரோ டர்பன்டைனோ இருந்தால்தான் பிரஷ் கழுவ முடியும் என்றால் அது எண்ணெய்ச் சாயம். கதவு, ஜன்னல் கம்பி, கேட் ஆகியவற்றுக்குப் பூசும் பளபளப்பான கிலோஸ் வகை பெரும்பாலும் இதுதான். முதல் வகையைத் திரும்பச் சாயமாக்கலாம். இரண்டாவது தீப்பற்றக்கூடியது, உலகின் பல இடங்களில் அதைத் திரட்டினாலும் பெரும்பாலும் எரிபொருளாகத்தான் பயன்படுத்துகிறார்கள்.

டின்னில் லேபிள் கிழிந்து போயிருந்தால் கண்டுபிடிப்பது எளிது. குச்சியில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டுக் கலக்கினால் நீர்ச் சாயம் பால்போலக் கரையும்; எண்ணெய்ச் சாயம் கலக்காமல் திரளாக நிற்கும்.

பழைய சாயம் எப்படித் திரும்பச் சாயமாகிறது

முறைகள் இரண்டு. முதலாவது, ஒன்றுதிரட்டுதல். நல்ல நிலையில் உள்ள நீர்ச் சாயங்களை நிறவாரியாகப் பிரித்து, வடிகட்டி, பெரிய தொட்டியில் கலந்து, தேவையான அளவு கிருமிக் காப்பான் சேர்த்து மறுபடி டின்னில் அடைப்பது. இரண்டாவது, மறுபதனம். திரட்டிய பழைய சாயத்தோடு புதிய பிசின், புதிய நிறமி, சேர்மானம் எல்லாம் கலந்து குறிப்பிட்ட தரத்துக்குக் கொண்டு வருவது. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். கெட்டித்தன்மை, மூடும் திறன், காயும் நேரம், அமிலகாரத் தன்மை எல்லாவற்றையும் ஒவ்வொரு தொட்டிக்கும் சோதிக்க வேண்டும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அரசுக் கொள்முதலுக்குத் தந்திருக்கும் பரிந்துரையில் ஒரு விவரம் கவனிக்கத்தக்கது. மறுபதனம் செய்த சாயம் வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருந்தால் அதில் பழைய சாயம் 20 விழுக்காடு இருந்தாலே போதும். சாம்பல், பழுப்பு, மண் நிறங்கள் என்றால் 50 முதல் 99 விழுக்காடு. ஏன் இந்த வித்தியாசம்? பல வீட்டு மிச்சங்களை ஒன்றாகக் கலந்தால் கிடைப்பது எப்போதும் ஏதோ ஒரு சாம்பல் கலந்த பழுப்பு. அதைத் திரும்ப வெள்ளையாக்கப் புது நிறமியை அள்ளிக் கொட்ட வேண்டும். அப்புறம் அதை மறுசுழற்சி என்று சொல்வதற்கே பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

இது நம் ஆட்களின் ரசனையோடு நேரடியாக மோதும் இடம். தீபாவளிக்கு மஞ்சளும் பச்சையும் ஊதாவும் கேட்கிற வீட்டில் போய்ப் பழுப்பு டின்னை நீட்டினால் யார் வாங்குவார்கள்? கோயில் கோபுரத்துக்கு அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மறுசுழற்சிச் சாயத்துக்குப் பொருத்தமான இடங்கள் வேறு: சுற்றுமதிலின் உட்புறம், ஸ்டோர் அறை, பள்ளிச் சுவரில் குழந்தைகளின் கை படும் கீழ்ப்பகுதி, புதுச் சாயத்துக்கு அடியில் போகும் முதல் பூச்சு.

லாபம் எங்கே

காசு மிச்சமாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதைவிடப் பெரிய லாபம் டைட்டானியம் டையாக்சைடில் இருக்கிறது. அந்த வெள்ளைத் தூளுக்கு முக்கிய மூலம் இல்மனைட் என்ற கறுப்புக் கனிமம். மலேசிய வெள்ளீயச் சுரங்கங்களில் வெள்ளீயத்தைப் பிரித்தெடுத்த பிறகு ஒதுங்கிய ‘அமாங்’ மணலில் அது உண்டு. பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள பழைய சுரங்கக் குட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அமாங் புதிய சொல்லாக இருக்காது. பரவலான ஒரு முறையில், இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து, வண்டலைப் பிரித்து, 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளையில் சுட்டு வெள்ளை நிறமியை எடுக்கிறார்கள். அமிலக் கழிவும் எரிபொருள் செலவும் அதோடு சேர்ந்தே வரும். ஆக, பின்கட்டில் கெட்டுப்போகும் ஒரு டின் வெள்ளைச் சாயத்தோடு வீணாவது அந்தச் சூளையின் வெப்பமும்தான். அதைச் சுவரில் பூசிவிட்டால் அதே அளவு புதுச் சாயம் தேவையில்லாமல் போகிறது.

இன்னொரு லாபம், குப்பைக்குப் போகும் திரவத்தின் அளவு குறைவது. கோலசிலாங்கூர் மாவட்டக் குப்பைக்கு ஜெராமில் முறையான நிரப்புநிலம் இருக்கிறது. ஆனால் மூடி சரியில்லாத ஒரு டின், குப்பை லோரியின் அழுத்தத் தகட்டுக்குள் நசுங்கினால் சாயம் நிரப்புநிலம் வரை போவதில்லை. வழியெல்லாம் சாலையில் ஒழுகி, அடுத்த மழையில் கால்வாய்க்குப் போகிறது.

சிக்கல் எங்கே தொடங்குகிறது

மறுசுழற்சி என்றதும் காகிதம், அலுமினிய டின், கண்ணாடிப் புட்டி என்று நினைத்துப் பழகிவிட்டோம். சாயம் அவற்றிலிருந்து வேறுபடுவதற்குக் காரணங்கள் உண்டு.

1. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. எமல்ஷன் டின்னில் யாராவது மண்ணெண்ணெயோ பூச்சிக்கொல்லியோ ஊற்றி வைத்திருக்கலாம். அப்படி ஒரு டின் தெரியாமல் கலந்துவிட்டால் தொட்டி முழுவதும் பாழ். அதனால் ஒவ்வொரு டின்னையும் ஒரு மனிதர் திறந்து, பார்த்து, முகர்ந்து பிரிக்க வேண்டும். இந்த வேலைக்கு இன்னும் முழுமையான இயந்திரம் இல்லை. கூலிதான் பெரும் செலவு.

2. நம் வெப்பம். குளிர்நாடுகளில் சாயம் உறைந்து கெடும். இங்கே தகரக் கூரைக்கு அடியில் வேகும். டின்னைத் திறக்கும்போதும் பிரஷ்ஷை முக்கும்போதும் உள்ளே போகும் கிருமிகள், காப்பான் தீர்ந்ததும் பெருகி நீர்ச் சாயத்தைப் புளிக்க வைத்துவிடும். அழுகிய முட்டை வாடை வந்தால் கதை முடிந்தது. ஈரக்காற்றில் டின்னின் விளிம்பு துருப்பிடித்து, அந்தத் துரு சாயத்துக்குள் விழுவதும் சகஜம்.

3. பழைய டின்னில் காரீயம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எண்ணெய்ச் சாயங்களில் லெட் குரோமேட் என்ற நிறமியைப் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வந்தார்கள். சீக்கிரம் காய்வதற்கும் காரீயச் சேர்மங்கள் போட்டார்கள். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சாயத்தில் காரீயத்துக்குப் பரிந்துரைக்கும் உச்ச அளவு 10 லட்சத்தில் 90 பங்கு. இருபது முப்பது வருடங்களுக்கு முன்னால் தோட்டத்துக் கோயிலுக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள் கிலோஸ் டின்னில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட டின் ‘இலவசமாகக் கிடைக்கிறதே’ என்று பாலர் பள்ளிக் கதவுக்குப் போவதுதான் மிச்சச் சாயத்தில் நடக்கக்கூடிய மிக மோசமான காரியம். லயத்து வீட்டுப் பழைய கதவுகளை உலர்வாகச் சுரண்டித் தேய்ப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. நனைத்துத் தேய்க்க வேண்டும்; பிள்ளைகளைப் பக்கத்தில் விடக்கூடாது.

4. தூரம். சாயம் கனமான பொருள், அதில் பாதி வெறும் தண்ணீர். சின்னச் சின்ன டின்களாகச் சிதறிக் கிடப்பதை லோரி வைத்துத் திரட்டிப் பல மைல் கொண்டுபோனால் மிச்சமாகும் எரிசக்தியை டீசல் தின்றுவிடும். பெருநகரத்துக்குச் சரிப்படுகிற கணக்கு, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூருக்குச் சரிப்படாது.

சட்டம் என்ன சொல்கிறது

குழப்பத்தில் பாதி இங்கேதான். 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005-இல் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் வந்தன. அபாயகரமான கழிவுகளை 77 வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். குறியீடுகள் எஸ்டபிள்யூ (அட்டவணைக் கழிவு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தொடங்கும். மை, சாயம், நிறமி, வார்னிஷ் ஆகியவற்றின் கழிவு எஸ்டபிள்யூ 417. அவற்றின் வண்டல் எஸ்டபிள்யூ 416. ரசாயனம் ஒட்டிய காலி டின், வாளி எஸ்டபிள்யூ 409. துடைத்த துணி எஸ்டபிள்யூ 410.

இந்தக் கழிவை உண்டாக்கும் தொழிற்சாலையோ பட்டறையோ 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் துறைக்கு அறிவிக்க வேண்டும். லேபிள் ஒட்டி, பதிவேடு வைத்து, 180 நாளுக்கு மேல் போகாமலும் 20 டன்னைத் தாண்டாமலும் சேமிக்கலாம். பிறகு உரிமம் உள்ள வாகனத்தில், உரிமம் உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் பெயர் பெற்றது நெகிரி செம்பிலானில் புக்கிட் நானாஸில் இருக்கும் நிலையம். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல்.

தொழிற்சாலைக்கு இது பொருந்தும். வீட்டில் மிஞ்சிய இரண்டு லிட்டருக்கு? விதிமுறையை எழுதியவர்கள் மனதில் இருந்தது மாதத்துக்கு டன் கணக்கில் கழிவு தள்ளும் ஆலைகள். தீபாவளி டின்னோடு நிற்கும் குடும்பத்துக்கு அதில் தனிப் பாதை போடப்படவில்லை. நம் நாட்டில் பழைய தொலைக்காட்சி, கைப்பேசி போன்ற மின்கழிவுகளுக்குச் சேகரிப்பு ஏற்பாடுகள் வந்துவிட்டன. சாயத்துக்கென்று விற்றவரே திரும்பப் பெற வேண்டும் என்கிற சட்டம் இல்லை.

இதன் விளைவு கொஞ்சம் விசித்திரமானது. உங்கள் வீட்டில் இருக்கும்வரை அந்த டின் ஒரு பொருள். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டில் பூசுவதற்காக வாங்கிக்கொண்டால் அப்போதும் பொருள். ஆனால் நல்ல மனத்தோடு யாராவது ‘எல்லாரும் கொண்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கொட்டகை போட்டு நூறு டின் சேர்த்து, அதில் அறுபது பூசவே லாயக்கற்றது என்றால், அவர் கையில் இப்போது இருப்பது கழிவு. அதை அப்புறப்படுத்தும் பொறுப்பும் செலவும் அவர் தலையில். கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ சாயம் திரட்டும் திட்டம் தொடங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியது இதைத்தான். கொடுப்பவர்கள் கெட்டுப்போனதைத்தான் முதலில் கொண்டு வருவார்கள். மனித இயல்பு அப்படி.

வீடுகளுக்குச் சாயம் பூசும் குத்தகைக்காரர்கள் நிலைமை இரண்டுக்கும் நடுவில். அவர்கள் செய்வது தொழில். வீட்டுக் குப்பை என்று அவர்கள் சொல்லிக்கொள்ள முடியாது. வீட்டுக்காரரிடமே மிச்ச டின்னை ஒப்படைத்துவிட்டுப் போவது பரவலாக நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

கால்வாயில் ஊற்றினால் எங்கே போகும்

பெஸ்தாரி ஜெயாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு யாரையும்விட நெருக்கமானது. நம் கால்வாய்த் தண்ணீர் போய்ச் சேர்வது சிலாங்கூர் ஆற்றில். கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது, அதைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையங்களும் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன.

2020 செப்டம்பர் தொடக்கத்தில் நடந்தது நினைவிருக்கும். ரவாங்கில் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்தது. வாடை பரவியதும் சிலாங்கூர் ஆற்றின் மூன்று கட்ட நிலையங்களும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையமும் மூடப்பட்டன. 1,292 பகுதிகளில் ஏறத்தாழ 12 லட்சம் இணைப்புகளுக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. கோவிட் காலம் வேறு. கை கழுவு என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் இல்லாமல் வாளியோடு லோரிக்குக் காத்திருந்தார்கள்.

ஆற்றில் அவ்வளவு தண்ணீர் ஓடும்போது கொஞ்சம் கழிவு கலந்ததற்காகப் பெரிய நிலையத்தையே ஏன் மூட வேண்டும்? வழக்கமான சுத்திகரிப்பு, சேற்றையும் கிருமியையும் நீக்குவதற்காக அமைந்தது. படிகாரம் போட்டால் மிதக்கும் துகள் திரண்டு அடியில் படியும். குளோரின் கிருமியைக் கொல்லும். தண்ணீரில் கரைந்துவிட்ட கரைப்பான் மூலக்கூறுகள் படிகாரத்துக்கும் சிக்காது, குளோரினுக்கும் அடங்காது. அவற்றை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் தூள் கொட்ட வேண்டும். அதையும் மீறி வாடை இருந்தால் ஆற்றிலிருந்து நீர் எடுப்பதை நிறுத்துவது தவிர வேறு வழி இல்லை.

ஒரு வீட்டின் அரை டின் தின்னரால் நிலையம் மூடப்படாது, அது உண்மை. ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரம் பல நூறு வீடுகளில் ஒரே நேரத்தில் பிரஷ் கழுவுகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தோட்டப்புறத்தில் இன்னொரு கெட்ட பழக்கம், மிச்சத் தின்னரை மண்ணில் ஊற்றுவது. பெஸ்தாரி ஜெயா போன்ற பழைய சுரங்க நிலத்தில் மண் பல இடங்களில் வெறும் மணல். ஊற்றியது வடிகட்டப்படாமலே நிலத்தடி நீருக்கும் குட்டைக்கும் இறங்கும். நீர்ச் சாயத்தைக் கழிவறையில் ஊற்றுவதும் நல்லதல்ல. அதிலுள்ள கிருமிக் காப்பான், மலத்தொட்டியில் கழிவை மக்கச் செய்யும் பாக்டீரியாவையும் கொல்லும்.

மற்ற நாடுகளில் யார் காசு கொடுக்கிறார்கள்

சாய மறுசுழற்சி ஓரளவு நடக்கும் இடங்களை எடுத்துப் பார்த்தால், எல்லா இடத்திலும் ஒரே கேள்விக்கு அவர்கள் முதலில் பதில் கண்டிருக்கிறார்கள்: திரட்டும் செலவு யாருடையது? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 1994-லேயே சாயம் விற்பவர்கள் மிச்சத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலம் 2010-இல் முதலில் தொடங்க, மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஆஸ்திரேலியாவில் 2016 மே மாதம் ‘பெயிண்ட்பேக்’ திட்டம் தொடங்கியபோது லிட்டருக்கு 15 சென்ட் தீர்வை வைத்தார்கள். இவை எல்லாவற்றிலும் சாயம் வாங்கும்போதே விலையில் ஒரு சின்னத் தொகை சேர்ந்துவிடும்; திருப்பிக் கொடுக்கும்போது காசு கேட்க மாட்டார்கள். திருப்பிக் கொடுக்கும்போது கட்டணம் கேட்டால் டின் இரவோடு இரவாகக் கால்வாயோரம் போய்விடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

பிரிட்டனின் பாதை வேறு. அங்கே 1993-இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி ரீபெயிண்ட்’, பூசத் தகுந்த மிச்சச் சாயத்தைத் தொண்டு அமைப்புகள் வழியாகத் தேவைப்படும் குடும்பங்களுக்குச் சேர்க்கிறது. தொழிற்சாலை பெரிதாகத் தேவையில்லை. பிரித்துப் பார்க்கத் தெரிந்த கைகளும் ஒரு கிடங்கும் இருந்தால் நடக்கும். நம்மைப் போன்ற சிற்றூருக்கு அமெரிக்க மாதிரியைவிட இதுதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஊர் அளவில் ஒரு கணக்கு

ஒரு தாமானில் 300 வீடு. வீட்டுக்கு 2 லிட்டர் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குதான் நல்ல நிலையில் உள்ள நீர்ச் சாயம் என்று கஞ்சத்தனமாகவே கணக்குப் போட்டாலும் 200 லிட்டர் தேறும். ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். 11 என்று எடுத்து இரண்டு பூச்சுக்குக் கணக்கிட்டால் 1,100 சதுர மீட்டர் சுவர். ஜன்னல், கரும்பலகை போக ஒரு வகுப்பறையில் பூச வேண்டிய சுவர் சுமார் 70 சதுர மீட்டர் என்றால் பதினைந்து வகுப்பறை. ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளிக்கு இது போதும், மிஞ்சவும் செய்யும்.

இதைச் சட்டச் சிக்கலில் மாட்டாமல் செய்ய ஒரே வழி, முதலில் சுவரை முடிவு செய்துவிட்டுப் பிறகு சாயம் கேட்பது. எந்தச் சுவர், எத்தனை லிட்டர், என்ன நிறம், கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் வேலை) எந்தச் சனிக்கிழமை என்பதெல்லாம் முடிவான பிறகு, அன்று காலையில் மட்டும் வாங்க வேண்டும். வாசலிலேயே திறந்து பார்த்துத் தேறாததை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் சேமித்து வைக்கிற நிலை வரவே கூடாது.

வாசலில் பார்க்க வேண்டியவை:

1. எண்ணெய்ச் சாயம் எதுவும் வேண்டாம். லேபிள் இல்லாத டின், வேறு பொருள் ஊற்றிய டின், ரொம்பப் பழையது ஆகியவையும் வேண்டாம்.
2. மூடியைத் திறந்ததும் வாடை. புளிப்போ அழுகலோ அடித்தால் மூடிவிடுங்கள்.
3. மேலே ஆடை படிந்திருந்தால் பரவாயில்லை. ஓரத்தில் அறுத்து முழுதாக எடுத்துவிடலாம்.
4. அடியில் வண்டல். குச்சியை அடிவரை விட்டு ஐந்து நிமிடம் விடாமல் கலக்க வேண்டும். கரைந்து ஒரே பதமாக வந்தால் நல்லது. கல்லாக இருந்தாலும், தயிர்போலத் திரிதிரியாக வந்தாலும் ஆகாது.
5. அட்டைத் துண்டில் பூசிப் பார்த்துக் காயவிட்டு விரலால் தேய்ப்பது. தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் பிசின் செத்துவிட்டது.

கலக்கும்போது உட்சுவர்ச் சாயத்தை உட்சுவர்ச் சாயத்தோடும், வெளிச்சுவர்ச் சாயத்தை வெளிச்சுவர்ச் சாயத்தோடும் மட்டும் சேர்க்கலாம். உட்சுவர்ச் சாயத்தை வெளியே பூசினால் நம் மழைக்கும் ஈரத்துக்கும் தாங்காது, கறுப்புப் பூஞ்சை ஏறிவிடும். வெளிச்சுவர்ச் சாயத்தில் பூஞ்சைக்கொல்லி அதிகம் என்பதால் அதைக் குழந்தைகள் உட்காரும் அறைக்குள் பூசுவது சரியில்லை. கூரைக்குப் பூசும் ரப்பர்போல் நீளும் நீர்க்காப்புச் சாயத்தை எதோடும் கலக்க வேண்டாம். வேறு வேறு நிறுவனத்துச் சாயம் என்றால் முதலில் ஒரு ஜாடியில் சிறிதளவு கலந்து மறுநாள்வரை வைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய நாளே நாலைந்து வீட்டில் மாதிரி வாங்கிக்கொண்டால் போதும். பிறகு எல்லாவற்றையும் பழைய கைலித் துணியில் வடிகட்டி ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலக்க வேண்டும். டின் டின்னாகப் பூசினால் சுவர் திட்டுத் திட்டாக நிற்கும்.

வாங்கும்போதே குறைக்கலாம்

மறுசுழற்சி பற்றிப் பேசும்போது இதைத்தான் எல்லாரும் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். உண்மையில் அதிக பலன் இங்கேதான். ஹாலும் இரண்டு அறையும் சேர்ந்து 120 சதுர மீட்டர் சுவர் என்றால் இரண்டு பூச்சுக்கு 240. அதற்குச் சுமார் 22 லிட்டர் போதும். கடையில் 1, 5, 7, 18 லிட்டர் அளவுகளில் கிடைக்கும். ஒரு 18 லிட்டரும் ஒரு 5 லிட்டரும் வாங்கினால் மிச்சம் ஒரு லிட்டர்தான். ஆனால் ‘பெரிய டின்தான் லிட்டர் கணக்கில் மலிவு’ என்று இரண்டு 18 வாங்கினால் 14 லிட்டர் மிஞ்சும். அந்த 14 லிட்டருக்குக் கொடுத்த ரிங்கிட்டைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு எங்கே போனது? கடையில் இயந்திரத்தில் நிறம் கலந்த டின்னைத் திருப்பியும் எடுக்க மாட்டார்கள்.

மிஞ்சிய ஒரு லிட்டரைச் சுவரில் கீறல் விழுந்தால் தொட்டுப் பூச வைத்துக்கொள்ளலாம். சின்னப் புட்டிக்கு மாற்றி, வாய்வரை நிரப்பி, இறுக்கி மூடி, நிற எண்ணையும் தேதியையும் எந்த அறை என்பதையும் எழுதி, வெயில் படாத இடத்தில் வைத்தால் நீடிக்கும். பாதி காலியான பெரிய டின்னில்தான் காற்றும் கிருமியும் சேர்ந்து சீக்கிரம் கெடுக்கின்றன.

எதற்கும் ஆகாமல் மிஞ்சுவது

கெட்டுப்போன நீர்ச் சாயம் கொஞ்சமாக இருந்தால் காயவைப்பதே வழி. மூடியைத் திறந்து மரத்தூளோ மணலோ கலந்து, மழைச் சாரல் படாத, பிள்ளைகளும் நாயும் கோழியும் நெருங்காத இடத்தில் வைக்க வேண்டும். மரச்சாமான் பட்டறையில் மரத்தூள் சும்மாவே கிடைக்கும். நம் ஈரக்காற்றில் ஆழமான டின்னில் காய நாளாகும். பழைய அட்டைப் பெட்டியில் பிளாஸ்டிக் விரித்து மெல்லிசாக ஊற்றினால் வேகமாகக் காயும். முழுக்கக் கெட்டியான பிறகு வீட்டுக் குப்பையோடு போகலாம். காய்ந்த தகர டின்னைப் பழைய இரும்பு வாங்குபவர்கள் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே ஈரம் இருந்தால் தொடமாட்டார்கள்.

எண்ணெய்ச் சாயத்தையும் தின்னரையும் இப்படித் திறந்து வைத்துக் காயவிடக் கூடாது. ஆவி தீப்பற்றும், மூச்சுக்கும் கேடு. அவற்றை மூடியே வைத்து, நகராண்மைக் கழகத்திடமோ சுற்றுச்சூழல் துறையிடமோ எங்கே ஒப்படைக்கலாம் என்று கேட்டுச் செய்வதுதான் சரி. பிரஷ் கழுவிய தின்னரை ஒரு புட்டியில் மூடி வைத்தால் இரண்டொரு நாளில் சாயம் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை வடித்து மறுபடி பிரஷ் கழுவப் பயன்படுத்தலாம். வீட்டளவில் எண்ணெய்ச் சாயத்துக்குக் கிடைக்கும் நேர்மையான மறுசுழற்சி அவ்வளவுதான்.

எண்ணெய்ச் சாயம் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அந்தப் பிசின் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பிடித்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. கொடியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரித்து, விறைப்பாகக் காய்ந்த பிறகே எறிய வேண்டும். உடனே அப்புறப்படுத்த வேண்டுமானால் தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் அமுக்கி மூடி வைக்கலாம்.

18 லிட்டர் பிளாஸ்டிக் வாளியை நம் வீடுகளில் எவரும் எறிவதில்லை. எமல்ஷன் இருந்த வாளியைக் காய்ந்த ஆடையெல்லாம் உரித்துக் கழுவிய பிறகு சிமெண்ட் கலக்கவோ தேங்காய் மட்டை போட்டு வைக்கவோ தாராளமாகப் பயன்படுத்தலாம். குடிதண்ணீர் பிடிக்கவும் அரிசி கொட்டி வைக்கவும் கோழிக்குத் தண்ணீர் வைக்கவும் அது ஆகாது.